இந்தக் குளிர்காலத்திலும் ராலிக்கு வராத பனி: கைக்கு எட்டியது ஏன் வாய்க்கு எட்டவில்லை?

கேரி_தமிழரசி | 2025 பிப்ரவரி 20, காலை

நேற்றைய புயலில், அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலியைச் சுற்றியுள்ள நம் பகுதிக்குக் கிடைத்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நண்பகலையொட்டிச் சில நிமிடங்கள் மெல்லிய பனித்துகள்கள் பறந்தன. அதற்குள் ஜன்னலில் மணல் வீசியது போன்ற ஓசை கேட்டது. ஸ்லீட் எனப்படும் பனிக்கட்டி மணிகள் விழத் தொடங்கிவிட்டன. அதன்பின் மாலைவரை வேறு எதுவும் விழவில்லை. இன்று காலை எங்கள் வீட்டு முன்புறத்தில் புல்லின் நுனிகள் மறையாத அளவுக்குப் பனிக்கட்டி மணிகள் கிடக்கின்றன. பனி உறையாதிருக்கச் சாலையில் உப்புநீர் தெளித்த வெள்ளைக் கோடுகள்தாம் பனியைவிட எடுப்பாகத் தெரிகின்றன.

இது இந்த ஒரு புயலோடு நிற்கவில்லை. ஜனவரி 10 இரவில் பெய்யத் தொடங்கிய பனி, நாங்கள் குழந்தைகளுக்குக் காலணி மாட்டி முடிப்பதற்குள், பட்ட இடத்தில் உறையும் உறைமழையாக மாறியது. ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலமும், புளோரிடாவின் மில்டனில் 9.8 அங்குலமும் பனி பெய்தன. பேரீச்சையும் பனையும் நிற்கும் ஊர்களெல்லாம் வெண்மையாகக் கிடந்த அந்த நாளில், அவற்றுக்கு வெகு வடக்கே இருக்கும் நாங்கள் வறண்ட புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேற்றோ, இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் பகுதியில் சுமார் 10 அங்குலம் விழுந்திருக்கிறது.

பனியே பெய்யாத ஊரில் வாழ்கிறோம் என்றால் அதை ஏற்றுக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு முன்பே கைபேசிச் செயலி ஒன்று எங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு 8 அங்குலம் என்று காட்டியது. பிறகு 6 என்றது, 3 என்றது. பள்ளி மூடப்பட்டது. கடையில் ரொட்டியும் பாலும் தீர்ந்தன. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் எல்லோரும் செய்வதைப் போல, என் மகளும் பனி வரும் என்ற நம்பிக்கையில் இரவு உடையை உட்புறம் வெளியே திருப்பி அணிந்துகொண்டு, தலையணைக்கு அடியில் கரண்டி வைத்துப் படுத்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். குளிர்காலத்தில் வரச்சொல்லி நான் வற்புறுத்தியதே, ஒருமுறையாவது வாசலில் பனி விழுவதை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். இதற்கெல்லாம் இவ்வளவு வருத்தம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த ஏமாற்றம் எனக்கு மட்டுமா, வேறு எவருக்கேனும் இருக்கிறதா? நமக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேகநோக்கி | பிப்ரவரி 20, முற்பகல்

சகோதரி, உங்கள் வருத்தத்தில் நானும் பங்காளி. நான் ராலிக்கு மேற்கே கிரீன்ஸ்பரோவில் வசிக்கிறேன். வானிலை என் தொழில் அன்று என்றாலும், குளிர்காலத்தில் மற்ற வேலைகளை அது விழுங்கிவிடுகிறது. இந்த மூன்று புயல்களும் உங்களைத் தவறவிட்டதற்குக் காரணங்கள் ஒன்றல்ல. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் நேற்றைய புயல். நம் மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் நிற்கிறது. நியூ இங்கிலாந்து, கியூபெக் பக்கம் உயரழுத்தம் நிலைகொண்டிருக்கும்போது, அங்கிருந்து வடகிழக்குக் காற்று குளிரை நம் பக்கம் தள்ளுகிறது. மலையைத் தாண்ட முடியாத அந்தக் குளிர்காற்று, வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவரை மலையின் கிழக்கு அடிவாரத்தில் தேங்கிவிடுகிறது. உள்ளூர்த் தொலைக்காட்சி வானிலையாளர்கள் 'வெட்ஜ்' என்று சொல்வது இதைத்தான். இந்தத் தேக்கம் தரையிலிருந்து சில ஆயிரம் அடி உயரம் மட்டுமே இருக்கும். அதற்கு மேலே, ஏறத்தாழ 5,000 முதல் 10,000 அடிவரை, மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் அட்லாண்டிக்கிலிருந்தும் வெப்பக் காற்று தெற்கிலிருந்து ஏறிவருகிறது. அந்த அடுக்கு உறைநிலைக்கு ஒரு டிகிரி செல்சியஸ் மேலே போனாலே போதும், மேகத்தில் உருவான பனித்துகள் அதைக் கடக்கும்போது உருகத் தொடங்கிவிடும். கீழே தேங்கிய குளிர்காற்றில் நுழைந்ததும் மறுபடி உறைந்து மணியாக விழும். அதுவே ஸ்லீட். குளிரடுக்கு இன்னும் மெல்லியதாக இருந்தால் துளியாகவே வந்து, மரக்கிளையிலும் மின்கம்பியிலும் பட்டபின் உறையும். அதுவே உறைமழை. நேற்று உங்கள் ஜன்னலில் கேட்ட ஓசை, உங்கள் தலைக்கு மேலே எங்கோ காற்று உறைநிலையைத் தாண்டியிருந்தது என்பதற்கு நேரடிச் சான்று. தரையில் வெப்பமானி 28 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலும் அதனால் பயனில்லை.

நார்ஃபோக்கின் கதை வேறு. நம் மாநிலக் கடற்கரையின் ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் கடலில் தாழ்வழுத்தம் வலுத்தபோது, அதன் வடமேற்குப் பக்கத்துக் கனத்த பனிப்பட்டை அவர்கள்மீது நின்றது. நம்மைக் கடந்தபோது அந்தத் தாழ்வழுத்தம் இன்னும் முதிர்ச்சியடையவில்லை.

ஜனவரி 21 இதற்கு நேர்மாறு. அன்று நமக்குக் குளிர் குறையவில்லை, மிகுந்துவிட்டது. ஆர்க்டிக் காற்று வளைகுடாக் கடற்கரைவரை இறங்கி, தரையிலிருந்து மேகம்வரை முழுவதும் உறைநிலைக்குக் கீழே இருந்தது. அதனால்தான் அங்கே ஸ்லீட் பெரிதாகக் குறுக்கிடவில்லை. லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பனிச்சூறாவளி எச்சரிக்கை விடுத்தது அன்றுதான். ஆனால் அதே குளிர், தாழ்வழுத்தத்தின் பாதையைத் தெற்கே அழுத்திவைத்தது. நம்மிடம் வறண்ட காற்று மட்டுமே எஞ்சியது. ரேடாரில் நம் தலைக்கு மேல் நீலமும் பச்சையும் தெரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பனி உண்மையாகவே மேலே விழுந்துகொண்டிருந்தது. வறண்ட காற்றில் ஆவியாகித் தரையைத் தொடாமல் போயிற்று.

குளிர் குறைந்தால் ஸ்லீட், மிகுந்தால் வறட்சி. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் ராலிக்குப் பனி கிடைக்கிறது.

வளைகுடாவாசி | பிப்ரவரி 20, நண்பகல்

நான் புளோரிடாவின் பென்சகோலாவில் இருப்பவன். இந்த உரையாடலில் பேசும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தயங்கியே எழுதுகிறேன், ஏனென்றால் ஜனவரியில் உங்களுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது.

அன்று காலை மழைக்கோட்டும் ரப்பர்ச் செருப்பும் தவிர வேறு எதுவும் இல்லாத வீடு எங்களுடையது. பிள்ளைகளின் கைகளில் சாக்சை மாட்டி வெளியே அனுப்பினோம். கடற்கரையின் வெண்மணல் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று அலைவிளிம்புவரை போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. பலகை இல்லாதவர்கள் குளிர்பானப் பெட்டியின் மூடியை எடுத்துவந்து சறுக்கினார்கள். பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்தவர். கணுக்கால் மூழ்கும் பனியில் நிற்பேன் என்று தான் நினைத்ததே இல்லை என்று சொல்லி அழுதார்.

இதைப் படித்து உங்கள் வருத்தம் கூடக்கூடாது. நான் சொல்லவருவது வேறு. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தின் முந்தைய சாதனை 1963 டிசம்பர் 31 அன்று பெய்த 2.7 அங்குலம். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரார் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே இருப்பவர்களைப் பார்த்து, இப்போது நீங்கள் எங்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் படும் ஏக்கம் எங்களுக்குப் புதிதன்று.

இரவுப்பணிச்_செவிலி | பிப்ரவரி 20, பிற்பகல்

எல்லோரும் பனிக்காக ஏங்கும் இடத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ராலியை அடுத்த டர்ஹமில் 2001 முதல் மருத்துவமனைப் பணியில் இருக்கிறேன். பனி தவறிப்போனது என்று செய்தி வரும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

2002 டிசம்பரில் உறைமழை பெய்தபோது கரோலினா மாநிலங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. எங்கள் தெருவில் இரவு முழுவதும் பைன் மரக்கிளைகள் முறியும் ஓசை துப்பாக்கி வெடிப்பது போல் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டிக் குளிர்காய்ந்ததால் கார்பன் மோனாக்சைடு நச்சேறி வந்தவர்களை நாங்கள் பார்த்தோம். 2005 ஜனவரி 19 அன்று ராலியில் விழுந்தது ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். உருகிய பனி உடனே கண்ணாடிபோல் உறைந்ததால் சாலைகள் அடைபட்டு, வீடு திரும்ப முடியாத பிள்ளைகள் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தார்கள். 2014 பிப்ரவரி 12 அன்று மறுபடி அதே நெரிசல். வடக்கே மின்னசோட்டாவில் ஓர் அங்குலம் பனிக்கு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே பனி அகற்றும் வண்டிகளும் குறைவு, பனியில் ஓட்டிப் பழகியவர்களும் குறைவு.

நேற்று பள்ளி மூடப்பட்டதால் என்னோடு பணிபுரியும் துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஒருநாள் கூலியை இழந்தார். அவருக்குப் பனியும் இல்லை, கூலியும் இல்லை. வருத்தப்படுவதாக இருந்தால் முதலில் அவருக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேரி_தமிழரசி | பிப்ரவரி 20, மாலை

அக்கா, நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். உறைமழையை விரும்பும் ஒருவரும் இங்கே இல்லை. உண்மையில் எங்கள் ஏமாற்றத்தின் பாதி அதுதான். ஆபத்து முழுவதும் வருகிறது, அழகு மட்டும் வருவதில்லை. சாலை வழுக்குகிறது, பள்ளி மூடுகிறது, கூலி போகிறது, மின்சாரம் போகுமோ என்று விளக்குகளை எடுத்துவைக்கிறோம். இவ்வளவையும் ஏற்றுக்கொண்டபின் முற்றத்தில் பிள்ளைகள் ஒரு பனியுருண்டை பிடிக்கவும் வழியில்லை. பனி விழுந்திருந்தாலும் அந்தப் பணியாளர் கூலியை இழந்திருப்பார் என்பது உண்மை. ஆனால் விழாத பனிக்காக அவர் இழந்தது கூடுதலான அநியாயம் அல்லவா? கணிப்பு எந்த அளவுக்கு உறுதியானது என்று நேர்மையாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்த முடிவுகளில் சில வேறுவிதமாக எடுக்கப்பட்டிருக்கலாம்.

என் கோபம் வானத்தின்மீது அன்று. உறுதியில்லாத ஒன்றை ஒரு வாரத்துக்கு முன்பே உறுதியான எண்ணாகக் காட்டுகிறார்களே, அதன்மீதுதான்.

சார்லட்_கதிர் | பிப்ரவரி 20, மாலை

பனி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மலையூர்களான பூன் அல்லது பீச் மவுண்டன் செல்லலாமே. ராலியிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே செயற்கைப் பனியாவது நிச்சயம் இருக்கும்.

ராலி_மூத்தகுடி | பிப்ரவரி 20, இரவு

கதிர் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார். ஆனால் காரில் போய்ப் பார்க்கும் பனியும், இரவில் படுத்து விடியலில் கதவைத் திறந்தால் நம் தெருவை மூடிக் கிடக்கும் பனியும் ஒன்றல்ல. முன்னதற்குச் சீட்டு வாங்கலாம், பின்னதற்குக் காத்திருக்கத்தான் முடியும்.

நான் இந்த ஊருக்கு 1998இல் வந்தேன். 2000 ஜனவரி 24, திங்கட்கிழமை. மாலைவரை வந்த கணிப்புகளில், புயல் கடலோடு போய்விடும், இங்கே சிறு தூறல் போலப் பனி பறந்தால் உண்டு என்றுதான் சொன்னார்கள். யாரும் ரொட்டி வாங்கவில்லை. நள்ளிரவில் ஏதோ மாற்றம் தெரிந்து எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கின் கம்பமே தெரியாத அளவுக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விமான நிலையத்தில் அளந்தது 20.3 அங்குலம். இன்றுவரை ராலியின் சாதனை அதுவே. என் காரின் மேற்கூரை எங்கே இருக்கிறது என்று துடைப்பக் கட்டையால் குத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இதை நான் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அன்று கணிப்பு தவறியபோது எவரும் வருந்தவில்லை, ஏனென்றால் சொல்லாதது வந்தது. இப்போது தவறும்போது வலிக்கிறது, சொன்னது வரவில்லை. இரண்டிலும் தவறியது கணிப்புதான். அந்தக் காலத்தில் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் படங்கள் வானிலையாளரின் மேசையோடு நின்றன. அவர் பார்த்து, ஐயப்பட்டு, நம்மிடம் ஒரு சொல் சொன்னார். இன்று ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் ஒரு புதிய படம் நேராக நம் கைபேசிக்கு வருகிறது. அவற்றுள் அதிகப் பனி காட்டும் படம்தான் அதிகம் பகிரப்படுகிறது. ஐயப்படும் வேலையை யாரும் செய்வதில்லை.

மேகநோக்கி | பிப்ரவரி 20, இரவு

மூத்தகுடி ஐயா சொன்னதை வலுப்படுத்தும் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இணையத்தில் பகிரப்படும் பனி வரைபடங்கள் பலவற்றில், ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலம் பனி என்ற நிலையான விகிதம் பயன்படுத்தப்படுகிறது. அவற்றுள் சில, உறைந்து விழும் எல்லாவற்றையும் பனியாகவே கணக்கிடுகின்றன. ஆனால் ஓர் அங்குல நீர் ஸ்லீட்டாக விழுந்தால் இரண்டு அல்லது மூன்று அங்குலம்தான் தேங்கும். ஆகவே ஸ்லீட் எல்லைக்குள் வரும் ராலி போன்ற ஊருக்கு 8 அங்குலம் என்று காட்டும் படம், மாதிரி தன் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாலும் பொய்யான படமே. பாஸ்டனில் அந்தப் படம் பெரும்பாலும் தவறாது. மலைக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடையிலுள்ள நம் பீட்மான்ட் நிலப்பகுதியில் அடிக்கடி தவறும்.

நமக்கு எத்தனை அங்குலம் என்ற கேள்வியே பொருந்தாது என்பது என் கருத்து. பனிக்கும் ஸ்லீட்டுக்கும் இடையிலான கோடு எங்கே விழும் என்று கேட்க வேண்டும். அந்தக் கோடு பல புயல்களில் 85ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் 95ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் நடுவே, அதாவது உங்கள் ஊரின் மேலேயே, நிற்கிறது. அது முப்பது மைல் நகர்வது வானிலை அறிவியலில் பெரிய பிழையே அன்று. ஆனால் அந்த முப்பது மைலில்தான் ராலி இருக்கிறது. ஆண்டுச் சராசரி சுமார் 5 அங்குலம் என்று புள்ளிவிவரம் சொன்னாலும், ஆண்டுதோறும் 5 அங்குலம் விழுவதில்லை. 2018 டிசம்பர் போன்ற ஒரு பெரும்புயல் வந்து கணக்கை நிரப்பிவிட்டுப் போகும். அடுத்த பல ஆண்டுகள் வெறுமையாகக் கழியும்.

தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகங்கள் ஒவ்வொரு பனிப்புயலுக்கும் மூன்று வரைபடங்கள் வெளியிடுகின்றன. எதிர்பார்க்கும் அளவு ஒன்று. பத்தில் ஒரு வாய்ப்பே உள்ள மேல் அளவு ஒன்று. பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள கீழ் அளவு ஒன்று. கீழ் அளவு வரைபடத்தில் உங்கள் ஊருக்குச் சுழியம் என்று இருந்தால், மற்ற இரண்டும் என்ன சொன்னாலும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரவுப்பணிச்_செவிலி | பிப்ரவரி 21, அதிகாலை

பணி முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். அந்த மூன்று வரைபடங்களைப் பற்றி எங்கள் மருத்துவமனையில் பணிப்பட்டியல் போடுபவர்களுக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தாநாள் இரவு வீட்டுக்குப் போக விடாமல் எங்களில் பலரை அங்கேயே தங்கவைத்தார்கள். தமிழரசி, உங்கள் கோபம் எங்கே இருக்கிறது என்பது இப்போது புரிகிறது. பனி வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை.

கேரி_தமிழரசி | பிப்ரவரி 21, காலை

அந்த வரைபடங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நேற்று முன்தினத்துக்கான கீழ் அளவு எங்கள் ஊருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அம்மாவிடம் சொன்னபோது, "மழையையே நாங்கள் அப்படித்தான் எதிர்பார்ப்போம், வந்த பிறகுதான் பேசுவோம்" என்றார். அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

மேகநோக்கி அண்ணா, ஒரு கேள்வி. மேலே உள்ள வெப்ப அடுக்கை முன்கூட்டியே அளந்து பார்க்க வழி இருக்கிறதா, அல்லது ஜன்னலில் ஓசை கேட்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

மேகநோக்கி | பிப்ரவரி 21, காலை

வழி இருக்கிறது. எங்கள் கிரீன்ஸ்பரோவிலிருந்தும், கடற்கரைப் பக்கம் நியூபோர்ட்டிலிருந்தும் நாள்தோறும் இரண்டு முறை வானிலை பலூன் ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் நம் நேரப்படி காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் உரிய அளவீடுகள் அவை. ராலியிலிருந்து பலூன் ஏற்றுவதில்லை என்பதால் இரண்டுக்கும் நடுவே நீங்கள் மதிப்பிட வேண்டும். தரவு இணையத்தில் அனைவருக்கும் கிடைக்கும். காற்றழுத்தம் 850 மில்லிபார் என்று குறித்திருக்கும் இடத்தில், அதாவது ஏறத்தாழ 5,000 அடியில், வெப்பநிலை என்ன என்று பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், 700 மில்லிபார்வரை, அதாவது ஏறத்தாழ 10,000 அடிவரை, தொடர்ந்து பாருங்கள், ஏனென்றால் வெப்ப அடுக்கு சில வேளைகளில் 850க்கு மேலே ஒளிந்திருக்கும். அந்த இடைவெளியில் எங்கேனும் வெப்பநிலைக் கோடு சுழியம் டிகிரி செல்சியஸைத் தாண்டி வலப்பக்கம் வளைந்திருந்தால், அது ஸ்லீட் அல்லது உறைமழை. எங்கும் தாண்டாமல், காற்றும் ஈரமாக இருந்தால், பிள்ளைகளை எழுப்புங்கள்.

அடுத்த புயல் வரும்போது இங்கேயே எழுதுங்கள். அளவீடு வந்தவுடன் சேர்ந்து பார்ப்போம்.